முகாமில் இருப்பவர் இலங்கையரா, நாடற்றவரா? படிவம் நிரப்ப உதவுவோருக்கு

தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் படிவம் நிரப்ப உதவப் போகிறவர்கள், பேனாவை எடுக்கும் முன்பே 'குடியுரிமை' என்ற கட்டத்தைப் பற்றி யோசித்துவிட வேண்டும். பழக்கத்தால் அதில் 'இலங்கை' என்று எழுதிவிடுகிறோம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்த குடும்பத்துக்குப் பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பத்துக்கு அது தவறாகவும் இருக்கலாம். அப்படி ஒரு தாளில் விழுந்த தவறு, அதைப் பார்த்து எழுதப்படும் ஒவ்வொரு தாளிலும் தொடரும். நானும் தொடக்கத்தில் பல படிவங்களை அப்படித்தான் நிரப்பினேன்; அது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

எந்த நாடும் தன் சட்டப்படி தன் குடிமகனாகக் கருதாத ஒருவரையே நாடற்றவர் என்கிறது 1954-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை. இந்தியா அதில் சேரவில்லை; ஒருவர் நாடற்றவரா என்று ஆராய்ந்து முடிவுசெய்யும் தனி நடைமுறையும் இங்கே இல்லை. ஆகவே அதற்கான ஆதாரங்களைத் திரட்டும் வேலை, உதவிக்குப் போகிறவர் தலையில்தான் விழுகிறது.

என்ன கேட்க வேண்டும் என்பதை வரலாறுதான் சொல்லித்தரும். 1948-ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் (குடியுரிமை) சட்டம், இந்திய வம்சாவளியினரான மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் (இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்டது), இப்படி நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் சமமாகப் பிரித்துக்கொண்டன. கணக்கு காகிதத்தில் முடிந்தாலும் மனிதர்கள் பலர் இடையிலேயே நின்றுபோனார்கள். 1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னியில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய பலர், போர் மூண்டதும் படகேறி ராமேசுவரம் அருகிலுள்ள மண்டபம் முகாமுக்கு வந்தபோது, இந்திய வம்சாவளியினர் என்றல்லாமல் இலங்கை அகதிகள் என்றே பதிவானார்கள்.

எனவே "நீங்கள் நாடற்றவரா?" என்று நேராகக் கேட்டுப் பயனில்லை, "நாங்க இலங்கை அகதிங்க" என்பதே பதிலாக வரும். தாத்தா எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார், எந்த வருடம் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனார்கள், வீட்டில் யாராவது இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தார்களா, யாருக்காவது இலங்கை அடையாள அட்டை இருந்ததா, யாராவது அங்கே வாக்களித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முகாமிலேயே மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் பேசுங்கள். ஒருமுறை மனு எழுதப் போன இடத்தில், பாட்டி ஒருவர் மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த தாள் ஒன்று மடிப்புகளில் இற்று, நான்கு துண்டுகளாகப் பிரியும் நிலையில் இருந்தது. அது கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் 1960-களின் இறுதியில் அவர் கணவர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததற்கான ரசீது. "இது எதுக்கும் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க அய்யா" என்றார். முகாம் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'இலங்கையர்' என்றிருந்தது. இப்படிப்பட்ட தாளை ஒட்டுநாடா போட்டு ஒட்டாதீர்கள். இருந்தபடியே இருபுறமும் படமெடுத்து, நகலில் சான்றொப்பம் வாங்கிவிட்டு, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, குடும்பத்தில் ஒவ்வொருவரும் எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார் என்று தனித்தனியாக எழுதுங்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதன்படியே கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. 1987 ஜூலை முதல் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் மட்டுமே குடிமகன் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக, அதாவது உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவராகவோ அனுமதிக் காலம் தாண்டித் தங்கியவராகவோ, இருக்கக் கூடாது. 1986-இல் பிறந்தவரின் பிள்ளைகள் ஏறக்குறைய அனைவரும் இந்தக் கடைசித் தேதிக்குப் பின் பிறந்தவர்களாகவே இருப்பார்கள். அதனால் அவருடைய கணவரோ மனைவியோ இந்தியாவுக்கு எப்படி வந்தார், எங்கே பதிவானார் என்பதற்கான ஆவணத்தையும் சேர்த்தே தேடுங்கள். பிறப்பு பதிவாகாமல் விட்டுப்போயிருந்தால், பிரசவம் நடந்த மருத்துவமனையின் பதிவு, பள்ளிச் சான்று ஆகியவற்றோடு வருவாய்க் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கான ஆணை கேட்க வேண்டும்.

இலங்கை வழியும் திறந்தே இருக்கிறது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை அளிக்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது; போரால் இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களுக்கு அந்த வசிப்பு நிபந்தனை தடையாகாதபடி 2009-இல் திருத்தம் வந்தது. ஆனால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கும் முன், குடும்பம் எங்கே வாழ விரும்புகிறது என்று கேளுங்கள். இங்கேயே இருந்து இந்தியக் குடியுரிமை கோர விரும்புகிறவர் இலங்கைப் பிரஜாவுரிமைச் சான்று வாங்கினால், நாடற்றவர் என்ற அவரது வாதமே போய்விடும். முடிவு அவர்களுடையது. நாம் அவசரப்படுத்துவது பெரும் தீங்கு.

இந்தியக் குடியுரிமை கோருவோருக்குப் பெரிய தடை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல். பதிவு மூலமாகவோ, நெடுங்காலம் இங்கே வசித்ததை வைத்துக் கோரும் இயல்புரிமை மூலமாகவோ குடியுரிமை பெற அப்படிப்பட்டவருக்கு வழியில்லை. வேறு சில நாடுகளிலிருந்து வந்த சிலரை அந்தச் சொல்லிலிருந்து விடுவித்த 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவும் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது குடியுரிமை ஆகிவிடாது என்பதை விளக்கிச் சொல்லுங்கள். முகாமில் பொய் நம்பிக்கை மிக வேகமாகப் பரவும். மலையகத் தமிழர் 65 பேரின் வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்று 2019 ஜூன் 17-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கூறியது. அதன் இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொண்டு மனுவில் சுட்டிக்காட்டுங்கள்.

ஆங்கிலத்தில் உள்ள எந்த உறுதிமொழிப் பத்திரத்தையும் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதீர்கள். குடியுரிமைக் கட்டத்தில் உறுதியாக எதுவும் எழுத முடியாதபோது, 'இந்திய வம்சாவளியினர். குடியுரிமை நிலை தீர்மானிக்கப்படவில்லை' என்று எழுதலாம். மனு கொடுத்த அன்றே தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்கி, முதல் நகலை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்லுங்கள்.