முகத்தில் கரப்பான்: மெடிக்கல் ஷாப்புக்கு ஓடும் முன்

முகத்தில் கரப்பான், அதாவது எக்ஸிமா, வந்தவர்கள் செய்யும் பெரிய தவறு மெடிக்கல் ஷாப் வாசலில்தான் தொடங்குகிறது. "அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட் குடுங்க." கைக்கு வருவது பல நேரம் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு கலந்த ட்யூப், கூடவே பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று. ஓரிரு நாளில் அரிப்பு அடங்கிவிடும். சிக்கலே அதுதான்.

முகத்துத் தோல் மருந்தை உறிஞ்சும் வேகம் வேறு. முன்கையில் 1 பங்கு இறங்கினால் நெற்றியில் 6 பங்கும், தாடையோரத்தில் 13 பங்கும் இறங்கும் என்று ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்து 1967லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவப்பாக மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், பெண்களுக்குக்கூட முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முன்பைவிட எரியும். உடனே மறுபடி அதே ட்யூப். கண்ணைச் சுற்றித் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம், கண்புரை வரை போகலாம். வந்திருப்பது எக்ஸிமாவே இல்லை, படர்தாமரை என்றால் இன்னும் மோசம்: மேலே அடங்கியதுபோல் இருந்துகொண்டு பரவும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 2018ல் மத்திய அரசு இத்தகைய பல களிம்புகளைச் சேர்த்தது. சீட்டு கேட்கும் கடையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே அலறுவதும் தவறுதான். வீரியம் குறைந்ததை, டாக்டர் சொன்ன நாள் கணக்குக்குள், சொன்ன அளவில் பூசினால் பயமில்லை. எக்ஸிமாவுக்கு டாக்டர் எழுதித் தரும் டாக்ரோலிமஸ் களிம்பு ஸ்டீராய்டே அல்ல. முதல் சில நாள் எரியும். "ஒத்துக்கல" என்று அதைத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய. பெரும்பாலும் ஒரு வாரத்தில் எரிச்சல் குறைந்துவிடும்.

அடுத்தது அடுப்படி வைத்தியம். எலுமிச்சைச் சாறு, கடலை மாவுத் தேய்ப்பு எல்லாம் வெடித்த தோலில் எரிச்சலைத்தான் கூட்டும். "கரப்பான் பண்டம்" என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால் என ஒவ்வொன்றாக நிறுத்துவது நம் வீடுகளின் பழக்கம். குறிப்பிட்ட உணவு சிலருக்கு ஒவ்வாமல் போவது உண்மை. அதைக் கண்டுபிடிக்காமலே குழந்தையின் தட்டைக் காலி செய்தால் அரிப்பும் போகாது, எடையும் ஏறாது.

மாய்ஸ்சரைசர் விஷயத்தில் தவறு சின்னது: காய்ந்து இழுக்கும்போது மட்டும் பூசுவது. முகம் கழுவி ஈரம் இருக்கும்போதே, வாசனை இல்லாத ஒன்றை, அரிப்பு இல்லாத நாளிலும் பூச வேண்டும். வெந்நீரும் நுரைக்கும் சோப்பும் வேண்டாம்.

காரணத்தை முகத்திலேயே தேடுவது இன்னொன்று. இமை மட்டும் சிவந்து அரித்தால் விரலைப் பாருங்கள். நெயில் பாலிஷ் போட்ட கை கண்ணைத் தொட்டிருக்கலாம். நெற்றி நடுவில் மட்டும் என்றால் ஸ்டிக்கர் பொட்டின் பசையாக இருக்கலாம். காதோரம், நெற்றியின் முடியோரம் என்றால் தலைச் சாயமாக இருக்கலாம்.

வழக்கமான அரிப்பு திடீரென வலியாக மாறி, குத்தி எடுத்ததுபோல் ஒரே அளவுப் புண்கள் கூட்டமாக வந்து, காய்ச்சலும் சேர்ந்தால் அது உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ் கிருமியாக இருக்கலாம். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் ஆபத்து. எந்தக் களிம்பும் பூசிப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.