பழைய டிராக்டரில் பவர் ஸ்டீயரிங் தளர்ந்தால்: ஆர்பிட்ராலைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்டீயரிங் லூசாகிவிட்டது, இல்லையென்றால் கல்லாகக் கனக்கிறது என்றதும் பழி முதலில் ஆர்பிட்ரால் (ஸ்டீயரிங் கம்பத்தின் அடியில் இருந்து ஆயிலை அளந்து அனுப்பும் யூனிட்) மேல்தான் விழும். விலை கூடிய பாகமும் அதுதான். ஆனால் கோளாறு பெரும்பாலும் அதைவிட மலிவான இடத்தில் இருக்கும்: கிங் பின் புஷ் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணியைச் சுற்றிய உறை), டை ராட் எண்ட் (இரு முன்சக்கரங்களை இணைக்கும் ராடின் முனை மூட்டு), சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் சிலிண்டரின் சீல். வரிசையாகச் சோதித்தால் ஆர்பிட்ராலைத் தொடாமலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

இங்கே சொல்வது ஹைட்ரோஸ்டேடிக் வகைக்கு, அதாவது ஆயில் மூலமாகவே சக்கரத்தைத் திருப்பும் வகைக்கு. ஸ்டீயரிங் கம்பத்தின் அடியில் ராட் எதுவும் போகாமல் நான்கு குழாய் மட்டும் போனால் உங்கள் வண்டி அந்த வகை. பம்பிலிருந்து வரும் ஆயில் பி என்ற துளை வழியே ஆர்பிட்ராலுக்குள் நுழையும். நீங்கள் திருப்பும் அளவுக்கு அளந்து, எல் அல்லது ஆர் வழியே சிலிண்டருக்குப் போகும். மறுபக்கத்து ஆயில் டி வழியே டேங்குக்குத் திரும்பும். ஓடும்போது முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது குழாய்க்குள் அடைபட்ட ஆயில்தான். அது உள்ளே எங்காவது நழுவினால் ஸ்டீயரிங் சுற்றும், சக்கரம் திரும்பாது.

இரும்பு ஆட்டம் (பாகங்கள் தேய்ந்து வரும் ஆட்டம்)

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஸ்டப் ஆக்ஸில் (சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சு) அசையாமல் ஹப் மட்டும் ஆடினால் பேரிங். ஸ்டப்பும் சேர்ந்து ஆடினால் கிங் பின் புஷ். அடுத்து டயரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து ஆட்டும்போது, இன்னொருவர் டை ராட் எண்ட் மேல் விரலை லேசாக வைத்திருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத 'டக்' விரலுக்குத் தெரியும். சிலிண்டரின் இரண்டு முனைப் பின்களையும் இப்படியே பாருங்கள். சேற்றுழவு வண்டிகளில் இந்தப் பின்கள்தான் முதலில் தேயும், ஏனென்றால் அவற்றுக்குக் கிரீஸ் அடிக்க யாரும் குனிவதில்லை.

கனம்தான் புகார் என்றால், சிலிண்டர் ராடை, சக்கரத்தைத் திருப்பும் ஆர்மிலிருந்து கழற்றிவிட்டு, தூக்கிய சக்கரங்களைக் கையால் தள்ளிப் பாருங்கள். லேசாகத் திரும்ப வேண்டும். இறுக்கமாக இருந்தால் கிங் பின் வறண்டிருக்கிறது. அதற்கு ஹைட்ராலிக்கில் எந்த மருந்தும் இல்லை. முன்டயரில் காற்றுக் குறைவும் இதே கனத்தைத் தரும்.

ஆயில்

டேங்கில் அளவு குறைந்திருக்கிறது, வெளியே எங்கும் ஒழுகல் இல்லை என்றால் இன்ஜின் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். பம்ப் இன்ஜின் கியரில் ஓடும் மாடல்களில் பம்பின் ஷாஃப்ட் சீல் போனால் ஸ்டீயரிங் ஆயில் இன்ஜின் சம்பில் (அடியில் இன்ஜின் ஆயில் தங்கும் தொட்டி) இறங்கும். அங்கே அளவு ஏறியிருந்தால் சீலை மாற்றி, இன்ஜின் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

ஆயில் பால் போல வெளுத்து நுரைத்தால், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது, அல்லது ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் காற்று. கிளாம்ப்பை இறுக்குங்கள், வெடித்த ரப்பர் குழாயை மாற்றுங்கள். கையில் இருக்கிறதே என்று 90 கியர் ஆயிலை ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது கெட்டி, காலைக் குளிரில் பம்ப் அதை உறிஞ்ச முடியாமல் அலறும். பிரேக் ஆயில் இன்னும் மோசம், சீல்கள் ஊதிப்போகும்.

எங்கே நழுவுகிறது?

ஐடிலில் கனமாகவும், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் லேசாகவும் இருந்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது. எந்த வேகத்திலும் கனம் என்றால் பிரஷர் லைனில் டி-ஜாயின்ட் போட்டு 250 பார் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஆயில் சூடான பிறகு, ஒரு பக்கம் முழுதாக ஒடித்து (இனி திரும்பாத எல்லைவரை திருப்பி) 5 நொடிக்கு மேல் பிடிக்காமல் ரீடிங் எடுங்கள். உங்கள் மாடலுக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். குறைவாக இருந்தால் முதலில் ரிலீஃப் வால்வை (பிரஷர் எல்லை மீறாமல் ஆயிலைத் திறந்துவிடும் வால்வு) கழற்றிப் பாருங்கள். சீட்டில் ஒரு துகள் சிக்கினாலே பிரஷர் எழாது. பம்பைச் சோதிக்கிறேன் என்று அதன் வாயை அடைத்து ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் ரிலீஃப் வால்வு ஆர்பிட்ராலுக்குள் இருக்கிறது; வழியை அடைத்தால் பம்ப் உடையும்.

ஒடிப்பு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகிறதா? கொஞ்சம் மெல்ல ஊர்வது நல்ல ஆர்பிட்ராலிலும் உண்டு, சுற்றுச் சுற்றாகப் போவதுதான் கோளாறு. சிலிண்டரா ஆர்பிட்ராலா என்று பிரிக்க, இன்ஜினை நிறுத்தி ஸ்டீயரிங்கை இரு பக்கமும் அசைத்துப் பிரஷரை இறக்குங்கள். பிறகு எல், ஆர் குழாய்களைக் கழற்றி, ஆர்பிட்ரால் துளைகளை இரும்பு பிளக்கால் அடையுங்கள். துணி, ரப்பர் வேண்டாம். இன்ஜினை ஐடிலில் ஓட்டித் திருப்புங்கள். இப்போது திடமாக நின்றால் நழுவல் சிலிண்டரில். இப்போதும் சுற்றினால் ஆர்பிட்ராலில்.

இடப்பக்கம் ஒடிக்க ஆகும் சுற்றும் வலப்பக்கச் சுற்றும் சமமாக இல்லை என்று கவலைப்படுவோர் உண்டு. ஒற்றை ராட் சிலிண்டரில் ராட் இருக்கும் பக்கம் ஆயில் குறைவாகக் கொள்ளும். அது கோளாறு இல்லை.

ஹோஸில் ஊசித்துளை ஒழுகலைத் தேடும்போது கையால் தடவாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலுக்குள் ஏறிவிடும், விரலையே எடுக்க நேரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

சிலிண்டர்

சீல் வாங்குமுன் ராடைப் பாருங்கள். நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் தட்டும் பள்ளமோ துருப்புள்ளியோ இருந்தால் புது சீல் சில வாரங்களில் கிழியும். எம்ரி பேப்பரால் தேய்த்துச் சமாளிக்கப் பார்ப்பது வீண். லேத் பட்டறையில் ஹார்டு குரோம் போட்டு கிரைண்ட் செய்யுங்கள், அல்லது ராடை மாற்றுங்கள். வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள கட்டை) உருட்டி வளைவும் பாருங்கள். பேரலின் உள்ளே லேசான கீறலை ஹோன் செய்யலாம் (தீட்டுக்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கலாம்). ஆழமான கோடு என்றால் பேரலையும் மாற்றவேண்டியதுதான்.

பழைய சீல்களை எடுக்குமுன் எந்த உதடு எந்தப் பக்கம் பார்த்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ராட் சீலின் உதடு ஆயில் பக்கம், வைப்பரின் (ராடில் ஒட்டும் தூசியை வழிக்கும் வெளி சீல்) உதடு வெளியே. பிஸ்டனில் டெஃப்லான் வளையம் இருந்தால் வெந்நீரில் போட்டு இளக்கி ஏற்றுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் அங்கேயே கீறல். மரை வழியாகச் சீலை நுழைக்கும்போது மரையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி, ஆயில் தடவித் தள்ளுங்கள்.

ஆர்பிட்ரால்

சீல் கிட் வெளி ஒழுகலுக்கு மட்டுமே. உள்ளே ஆயில் வழியைத் திறந்து மூடும் ஸ்பூலும், அதைச் சுற்றிய ஸ்லீவும் ஜோடியாகத் தீட்டப்பட்டவை. தேய்ந்துவிட்டால் எத்தனை சீல் மாற்றினாலும் நழுவல் போகாது, யூனிட்டையே மாற்றவேண்டும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். திருப்பிவிட்ட பிறகு ஸ்டீயரிங் நடுவுக்கு வந்து நிற்காமல் தானாக நகர்ந்தால் உள்ளே இருக்கும் இலை ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், இது மாற்றக்கூடியது. கம்பம் கோணலாக மாட்டி யூனிட்டை நெருக்கினாலும் இதே குணம் வரும். கம்பத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

பிரிக்கும்போது கவர், கியர் செட், பாடி மூன்றின் மேலும் பக்கவாட்டில் ஒரே கோடு போட்டுக்கொள்ளுங்கள். டான்ஃபாஸ் கம்பெனி வகையில் கீழ் போல்ட் ஏழில் ஒன்று மட்டும் தனி, அதன் நுனியில் இருக்கும் பின் உள்ளே செக் பாலை (ஆயிலை ஒரே திசையில் விடும் குண்டு) பிடிக்கிறது. அது அதே துளைக்குத் திரும்ப வேண்டும். திருப்பி மாட்டும்போது நடு ஷாஃப்ட்டின் பிளவுக்கும் கியர் ஸ்டாரின் (கியர் செட்டின் நடுவில் சுற்றும் நட்சத்திரப் பல்சக்கரம்) பற்பள்ளத்துக்கும் உள்ள நேர்க்கோடு மாறக்கூடாது. ஒரு பல் தவறினாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஸ்டீயரிங் மோட்டார் போலத் தானே சுற்றி, விரலை முறிக்கும். அதனால் முதல் ஸ்டார்ட்டில் கையை ஸ்போக்கின் உள்ளே வைக்காதீர்கள். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, சுமார் 30 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

காற்று எடுத்தல்

புது ஃபில்டர், புது ஆயில். முன்சக்கரங்கள் தூக்கியபடியே இருக்கட்டும். இன்ஜினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் சில முறை முழுதாகத் திருப்புங்கள். பிறகு ஐடிலில் ஓட்டி, ஒடிப்பில் பிடித்து நிறுத்தாமல், நுரை நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இடையிடையே டேங்கைப் பார்த்து நிரப்புங்கள். காலியானால் பம்ப் காற்றை இழுக்கும், முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும்.

டை ராடைக் கழற்றியிருந்தால், வண்டியை இறக்கிய பின் டோ-இன் (முன்டயர்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு) பாருங்கள். பெரும்பாலான இருசக்கர இயக்க டிராக்டர்களில் இரு முன்டயர்களுக்கு நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். பேங்கோ போல்ட்டுகளுக்கு (உள்ளே ஆயில் போகும் துளையுள்ள குழாய் இணைப்பு போல்ட்) பழைய செப்பு வாஷரையே போட்டிருந்தால் அவைதான் முதலில் கசியும். ஒரு நாள் உழவு முடிந்ததும் அவற்றைத் துடைத்துப் பாருங்கள்.