ஆண்கள் பிரா வாங்குவது: அளவு டேப் முதல் துணிக்கொடி வரை

கைனகோமாஸ்டியா, அதாவது ஆண்களுக்கு மார்பு வீங்கிப் பெரிதாவது என்று சொன்னாலே எல்லோரும் கைகாட்டுவது அந்த அமுக்குப் பனியனைத்தான். வயிற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்குமே, அதைத்தான் சொல்கிறேன். கல்யாண ரிசப்ஷனுக்குப் போய் மொய் எழுதிவிட்டு உடனே வீடு திரும்புகிறவருக்கு அது போதும். நான் மும்பையில் செம்பூரில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, அந்தேரியில் இறங்கி, நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புகிறவன். மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறினால் மூச்சு முட்டும். தொட்டாலே கூசுகிற காம்பை அது வேறு அரைத்துவிடும். அமுக்குவது வேறு, தாங்குவது வேறு. தாங்குவதற்கென்றே இருப்பது பிரா. பெண்கள் கடையில் தொங்குகிற அதே பிராதான்.

கடைக்குப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வெறும் கொழுப்பா, காம்புக்குப் பின்னால் ரப்பர் பதத்தில் சுரப்பித் திசு திரண்டிருக்கிறதா என்று பெரும்பாலும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டுகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள். ஸ்பைரோனோலாக்டோன், புராஸ்டேட்டுக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, பைகலூட்டமைடு, ஜிம்மில் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு எல்லாமே இதற்குக் காரணமாகலாம். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு கோளாறுகளும் உண்டு. எனக்கு இதயத்துக்காகக் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன்தான். எப்ளெரினோன் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றிய பிறகு வலி போனது, வீக்கம் தங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆன திசு பெரும்பாலும் நாராக இறுகிவிடும், முழுக்க வற்றாது. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, காம்பில் ரத்தம், தோல் உள்ளிழுத்திருப்பது என்று ஏதாவது தெரிந்தால் பிராவை மறந்துவிட்டு சயானோ கே.இ.எம்.மோ, பக்கத்தில் எதுவோ அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும். வீட்டில் வயசுக்கு வருகிற பையனுக்கு என்றால் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் தானாக வற்றிவிடும். அவனைப் போட்டு எதிலும் இறுக்க வேண்டாம்.

சரி, அளவு. தையல்காரர் டேப் ஒன்று வேண்டும், சென்டிமீட்டர் போட்டது. சட்டையைக் கழற்றி, மூச்சை வெளியே விட்டு, மார்பு மடிகிற இடத்துக்குச் சரியாகக் கீழே சுற்றி எடுங்கள். டேப் முதுகில் தொங்கிவிடும், கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். இது கீழ்ச்சுற்று. அப்புறம் கொஞ்சம் முன்னால் குனிந்து, மார்பு நிறைந்து நிற்கிற இடத்தில் இறுக்காமல் இன்னொரு சுற்று. இது மேல்சுற்று. எனக்குக் கீழே 96, மேலே 109.

இனி கணக்கு. பாக்கெட்டில் போட்டிருக்கும் 34, 36 எல்லாம் நம் டேப்பில் வரும் அங்குலம் இல்லை. கீழ்ச்சுற்று 75 செ.மீ. வந்தால் 34 என்று எண் போடுவதுதான் பொதுவான வழக்கம். அங்கிருந்து ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் எண் இரண்டு ஏறும்: 80க்கு 36, 85க்கு 38, 90க்கு 40, 95க்கு 42. ஆக நான் 42. டேப்பில் 38 அங்குலம் வந்தது என்று 38 வாங்கினால் கொக்கி மாட்டவே முடியாது. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப், அதாவது மார்பைத் தாங்கும் கிண்ணத்தின் அளவு. 12 முதல் 14 செ.மீ. வரை ஏ, 16 வரை பி, 18 வரை சி. என் வித்தியாசம் 13. எனவே 42 ஏ.

இந்த 42 ஏ கடையில் கிடைக்காது. பெண்களுக்குச் சுற்று பெரிதாகும்போது கப்பும் பெரிதாகும் என்ற கணக்கில்தான் தைக்கிறார்கள். 42 என்றால் பி, சி, டி என்று அடுக்கியிருப்பார்கள். ஆணுக்கோ விலா எலும்புக்கூடு அகலம், கப் சின்னது. இந்த இடத்தில்தான் பலர் 42 சி வாங்கி, முன்னால் துணி சுருங்கித் தொங்குவதைப் பார்த்துவிட்டு, பிராவே நமக்குச் சரிப்படாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வழி இருக்கிறது. சுற்றில் ஓர் அளவு இறங்கி கப்பில் ஓர் எழுத்து ஏறினால் கப்பின் கொள்ளளவு மாறாது. 42 ஏயும் 40 பியும் கப்பில் ஒன்றே. ஆகவே 40 பி வாங்குங்கள். முதுகுப் பட்டையில் குறைகிற நீளத்துக்கு ஹூக் எக்ஸ்டெண்டர் என்று ஒரு துண்டு விற்கிறார்கள். ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் வளையம். உங்கள் பிராவில் எத்தனை கொக்கியோ அத்தனை உள்ளதாக, இடைவெளியும் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். எனக்குத் தாராவி 90 அடி ரோட்டில் ஒரு திருநெல்வேலித் தையல்காரர் இருக்கிறார். “அண்ணாச்சி, பட்டைக்கு நடுவுல ரெண்டு இஞ்ச் எலாஸ்டிக் விட்டுத் தைச்சுக் கொடுங்க” என்றால் யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் தைத்துக் கொடுப்பார். தோள்பட்டையையும் அப்படியே நீட்டிக்கொள்ளலாம், நம் தோளுக்குப் பெரும்பாலும் அது நீளம் போதாது.

வகையைப் பொறுத்தவரை என் தீர்ப்பு கறாரானது. கப்புக்கு அடியில் வைக்கும் வயர் வேண்டாம், கப்புக்குள் திணிக்கும் பேட் வேண்டவே வேண்டாம். பேட் வைத்தது தானாகவே ஒரு வடிவத்தில் நிற்கும், நாம் சட்டைக்கு வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பதை எடுத்துக் காட்டிவிடும். கூம்பாகத் தைத்த பழைய காட்டன் பாடியும் அப்படித்தான். இழுவை உள்ள, பின்னல் துணியில் செய்த மெல்லிய கப், இரண்டு செ.மீ.யாவது அகலமான தோள்பட்டை, அகலமான அடிப்பட்டை, இவை இருந்தால் எடுக்கலாம். ஸ்போர்ட்ஸ் பிராவும் நல்லதுதான், ஆனால் தலை வழியாகப் போடுவதை எடுக்காதீர்கள். வியர்வையில் நனைந்த பிறகு கழற்றும்போது அக்குளுக்குக் கீழே கயிறாகச் சுருண்டு மாட்டிக்கொள்ளும்; கை இரண்டும் மேலே, முகம் துணிக்குள், உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டியதுதான். முன்னால் ஜிப் வைத்தது வாங்குங்கள்.

தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே மேற்குப் பக்கம் இதற்குக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. (கடை வாசலில் உள்ளாடை மாட்டிய பொம்மைகளை எடுக்கச் சொல்லி 2013இல் மும்பை மாநகராட்சி தீர்மானமே போட்டது. பொம்மைகள் ஜாம் ஜாமென்று நிற்கின்றன.) கவுன்டரில் இருந்த பெண் என்னிடம், “காகா, காகூவுக்கு என்ன சைஸ்?” என்றாள். (மராத்தியில் காகா சித்தப்பா, காகூ சித்தி.) “40 பி, வயர் இல்லாம, பேட் இல்லாம, ஸ்கின் கலர்” என்றேன். பெட்டியை இறக்கிவிட்டாள், பேச்சு அத்தோடு முடிந்தது. அளவைத் தெளிவாகச் சொல்கிற ஆளை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. போட்டுப் பார்க்க இடமிருக்காது, எனவே மாற்றித் தருவார்களா என்று மட்டும் கேட்டு, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக்கூடக் கூச்சமாக இருந்தால் ஆன்லைன் இருக்கவே இருக்கிறது.

வீட்டில் போட்டுப் பார்க்கும்போது கடைசி வரிசைக் கொக்கியில், அதாவது ஆகத் தளர்வானதில் மாட்டுங்கள். அதிலேயே சரியாக நிற்க வேண்டும். பட்டைக்குள் இரண்டு விரல் போகலாம், கை போகக் கூடாது. அப்புறம் ரயிலில் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் ஒரு கையைத் தூக்குங்கள். அடிப்பட்டை மார்பின் மேல் ஏறினால் சுற்று பெரிது. தோளில் பள்ளம் விழுந்தாலும் காரணம் அதுவேதான். பாரத்தைச் சுமக்க வேண்டியது அடிப்பட்டை, அது தளர்ந்தால் தோள் சுமக்கிறது. மேல்பக்கம் மட்டும் கப் காலியாக இருந்தால், நம் திசு கீழும் பக்கவாட்டிலும் இருக்கிறது என்று அர்த்தம். கழுத்து இறக்கமான மாடலுக்கு மாறுங்கள்.

வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பிரா பளிச்சென்று தெரியும். தோல் நிறத்துக்கு நெருக்கமானது தெரியாது. மேலே ஒரு பனியன், அதன் மேல் கட்டம் போட்ட சட்டை, போதும். மெட்ரோ வாசலில் தடவிப் பார்க்கிற காவலருக்குக் கொக்கி தட்டுப்படும், என்னிடம் இதுவரை எவரும் எதுவும் கேட்டதில்லை.

மும்பையில் பெரிய எதிரி வியர்வை. மடிப்புக்குக் கீழே ஈரம் நின்றால் தோல் சிவந்து அரிக்கும். ஆபீஸ் பையில் ஒரு சின்னத் துண்டும் மாற்றுப் பிராவும் வைத்திருங்கள், மதியம் துடைத்து மாற்றிவிடலாம். பவுடரை அப்பாதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துத் தரும் அரிப்பு கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். படையைச் சீக்கிரம் அடக்கிவிட்டு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொண்டுவரும். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் போடுங்கள். தூங்கும்போது பிரா எதுவும் வேண்டாம்.

துவைப்பது கையால், சாதாரணத் தண்ணீரில். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் காயப்போடுங்கள். ஒன்றையே தினமும் போடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் எலாஸ்டிக் நீண்ட நாள் வரும். தளரத் தளர உள் வரிசைக் கொக்கிக்குப் போய்க்கொண்டே இருங்கள். கடைசி உள் கொக்கியிலும் கையைத் தூக்கினால் பட்டை ஏறுகிறது என்றால் அதைத் தூக்கிப் போடலாம். காயப்போடுவதில் ஒளிவுமறைவு எதற்கு? பால்கனிக் கொடியில் வீட்டம்மாவின் துணிகளோடு தொங்கட்டும். எது யாருடையது என்று கீழ் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?