கதவுக் கீல்: எதை வாங்குவது, எப்படிப் பதிப்பது

கதவு தரையில் உரசினால் மரம் உப்பிவிட்டது என்பார்கள். தாழ்ப்பாள் ஓட்டையில் சேராவிட்டால் பூட்டு சரியில்லை என்பார்கள். பாதிக்கு மேல் கோளாறு கீலில்தான் இருக்கும்; அதுவும் கீலின் தரத்தில் அல்ல, அதைப் பதித்த விதத்தில்.

கேட்டு வாங்கப் பெயர் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் கீல் அல்லது ஹிஞ்ச் என்றால் எந்த ஹார்டுவேர் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். இலங்கையில் பிணைச்சல். வேலைக்கு வரும் தச்சர் வடமாநிலத்தவர் என்றால் கப்ஜா, கேரளத்தவர் என்றால் விஜாகிரி. முழங்கையையும் முழங்காலையும் பாடப்புத்தகம் கீல் மூட்டு என்கிறது. தோள்மூட்டைப் போல எல்லாப் பக்கமும் சுழலாமல் ஒரே அச்சில் மடங்குவதால் அந்தப் பெயர். கதவுக்கும் அதே விதி. எத்தனை கீல் போட்டாலும் அத்தனையின் ஊசியும் (இரு தகடுகளையும் கோக்கும் கம்பி) ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று 2 மி.மீ. விலகினாலும் மற்றவற்றோடு மல்லுக்கட்டும்.

கோயில் கதவுகளும் பழைய வீட்டுக் கதவுகளும் கீல் இல்லாமல் குடுமியில் சுழல்கின்றன. ஓரச் சட்டத்தின் மேலும் கீழும் முளை விட்டு, அதைக் குழியில் உட்கார வைத்திருப்பார்கள். எடை முழுவதும் கீழ்க்குடுமி வழியாகத் தரைக்குப் போய்விடும். கடைகளின் கண்ணாடிக் கதவுக்கு அடியில் புதைக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங்கும் இதே முறைதான். சாதாரணக் கீலில் அப்படியில்லை: கதவின் எடை முழுவதையும் திருகாணிகள் பக்கவாட்டில் தாங்க வேண்டும்.

எவ்வளவு தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவு 30 கிலோ, அகலம் 900 மி.மீ., மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 1650 மி.மீ. என்றால், மேல் கீலை நிலையிலிருந்து (கதவைத் தாங்கும் சுற்றுச்சட்டம்) பிடுங்கும் விசை சுமார் 8 கிலோ. கீழ்க் கீலை அதே விசை நிலைக்குள் அமுக்குகிறது. இடைவெளியை 1200 ஆகக் குறைத்தால் 11 கிலோ. 20 கிலோ குழந்தை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் 8 கிலோ 18 ஆகிவிடும். மேல் கீலின் திருகாணிதான் எப்போதும் முதலில் ஆடும் என்பதற்குக் காரணம் இதுவே.

வாங்கும்போது

7 அடி உயர அறைக் கதவுக்கு 4 அங்குலக் கீல் மூன்று போதும். கனமான தேக்குத் தலைவாசல் கதவுக்கு 5 அங்குலத்தில் நான்கு போடுங்கள். தகட்டின் கனத்தைக் கேஜில் சொல்வார்கள். எண் கூடினால் தகடு மெலியும். 12 கேஜ் ஏறத்தாழ 2.6 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ. தலைவாசலுக்கு 14 கேஜ் வேண்டாம். அகலத்தையும் பாருங்கள்: தகடு கதவின் கனம் முழுவதையும் அடைத்துக்கொள்ளக் கூடாது. பின்விளிம்பில் 5 மி.மீ. மரமாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் அங்கே பிளக்கும்.

கடலோர ஊர்களில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 அல்லது 316 என்று கேட்டு வாங்குங்கள். 202 ரகமும் அதே பளபளப்போடுதான் இருக்கும், உப்புக் காற்றில் சீக்கிரம் துரு பிடிக்கும். காந்தம் வைத்துச் சோதிப்பது பயன்படாது. 202, 304 இரண்டுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதே வழி. கீல் எஸ்.எஸ். என்றால் திருகாணியும் எஸ்.எஸ்.தான் இருக்க வேண்டும். பித்தளைக் கீலிலோ எஸ்.எஸ். கீலிலோ இரும்புத் திருகாணி போட்டால், ஈரம் படும் இடத்தில் திருகாணிதான் முதலில் அரிக்கும்.

கதவு வெளிப்பக்கம் திறப்பதானால் ஊசி வெளியே தெரியும்; தட்டிக் கழற்றிவிடலாம். அங்கே ஊசி கழலாத வகையே வேண்டும். கதவு 180 பாகை திரும்பிச் சுவரோடு ஒட்ட வேண்டும், ஆனால் நிலையின் பட்டை தடுக்கிறது என்றால், தகடு அகலமாக வெளியே நீளும் பார்லிமென்ட் கீல். நீளமான பெட்டி மூடிக்கு, அதன் நீளம் முழுவதும் ஓடும் பியானோ கீல்.

பதிக்கும் முறை

மேல் கீலின் மேல்விளிம்பு கதவின் உச்சியிலிருந்து 7 அங்குலம், கீழ்க் கீலின் கீழ்விளிம்பு அடியிலிருந்து 10 அங்குலம். மூன்றாவதை நடுவில் வைப்பது வழக்கம். கதவு கனம் என்றால் அதை மேல் கீலுக்கு ஓர் அடி கீழே வைப்பது மேல். இழுவிசையைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

தகடு உட்காரும் பள்ளத்தை முதலில் கதவில் வெட்டுங்கள். கீலை வைத்துக் கத்தி முனையால் சுற்றிக் கோடு கீறுங்கள். பென்சில் கோட்டுக்கே அரை மி.மீ. அகலம் உண்டு, அதை நம்பி வெட்டினால் கீல் ஆடும். தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் வெட்டின் ஆழம். உளியை நிறுத்திக் கோட்டின் மேல் தட்டி, பிறகு 5 மி.மீ.க்கு ஒரு வெட்டாகக் குறுக்கே கொத்தி, பக்கவாட்டிலிருந்து சீவி எடுங்கள். தகடு உட்கார்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள்: மரமும் தகடும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும்.

8ஆம் எண் திருகாணிக்குத் தேக்கில் 3 மி.மீ. துளை, மென்மரத்தில் 2.5 மி.மீ. போடுங்கள். துளை கீலின் ஓட்டைக்கு நட்டநடுவே விழ வேண்டும். சாய்ந்தால் திருகாணியின் தலை தகட்டுக்கு மேல் துருத்தி, எதிர்த் தகட்டில் இடிக்கும். பித்தளைத் திருகாணியை நேராகத் தேக்கில் ஏற்றாதீர்கள், கழுத்தில் முறிந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகாணியை ஒரு முறை ஏற்றி இறக்கி மரையை உண்டாக்கிவிட்டு, மெழுகு தடவிப் பித்தளையை ஏற்றுங்கள்.

இனிக் கதவை நிலைக்குள் நிறுத்தி, அடியில் ஆப்பு கொடுத்து, மேலேயும் கீல் பக்கமும் 3 மி.மீ. இடைவெளி வரும்படி செய்யுங்கள். 3 மி.மீ. ஹார்ட்போர்டுத் துண்டுகளைச் செருகினால் அளக்கவே வேண்டாம். அந்த நிலையிலேயே கீலின் இடத்தை நிலைக்காலில் குறித்து வெட்டுங்கள். தகட்டுக்கு ஒரே ஒரு திருகாணி மட்டும் போட்டுக் கதவை ஆட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால்தான் மற்றவை. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் பிறகு திருத்தப் போனால் துளைகள் தளர்ந்து, பிடிமானம் போய்விடும்.

பி.வி.சி. கதவு உள்ளே கூடு. கீல் வரும் இடத்தில் மரச்சட்டம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பிறகே துளை போடுங்கள்.

கோளாறும் காரணமும்

மூடும்போது கதவு உதைத்துத் திரும்பி வருகிறதா? வெட்டு ஆழமாகிவிட்டது, அல்லது திருகாணித் தலை துருத்துகிறது. தலையைச் சரிசெய்யுங்கள், ஆழம்தான் காரணம் என்றால் தகட்டுக்குப் பின்னால் அட்டையை வெட்டி வைத்து மீண்டும் முறுக்குங்கள்.

பூட்டுப் பக்கம் கதவு தொங்கினால் மேல் கீலைப் பாருங்கள். திருகாணி வெறுமனே சுற்றினால் துளையைப் பெரிதாக்கி, தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி துளை போடுங்கள். தீக்குச்சி செருகுவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நிலைக்கால் கனமாக இருந்தால் ஒரு திருகாணியை மட்டும் 2.5 அங்குல நீளத்துக்கு மாற்றுவது இன்னும் உறுதி. திருகாணிகள் இறுக்கமாக இருந்தும் மூலை சற்றே உரசுகிறது என்றால், கீழ்க் கீலுக்குப் பின்னால் அட்டை வையுங்கள். பூட்டுப் பக்கம் மேலெழும்.

கதவு தானாகவே திறந்துகொள்வது ஊசிகளின் கோடு சாய்ந்திருப்பதால். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சாய்வுக்குத் தக்கபடி ஒரு கீலை நிலைக்காலில் 2 மி.மீ. நகர்த்தி, மற்றவற்றின் ஊசியும் அதே நேர்கோட்டில் வரும்படி செய்ய வேண்டும். ஊசியைக் கழற்றி லேசாக வளைத்துத் திரும்பப் போட்டால் உராய்வில் நிற்கும். ஆனால் அது தற்காலிகம்தான்.

அலமாரிக் கதவு

மாடுலர் கிச்சன் கதவுகளில் கிண்ண வடிவக் கீல் இருக்கும். இதற்கு 35 மி.மீ. குழி போட வேண்டும், ஆழம் சுமார் 12 மி.மீ. இருக்கட்டும். 18 மி.மீ. பலகையில் இதைத் தாண்டினால் மறுபக்கம் புடைக்கும். குழியின் விளிம்புக்கும் கதவின் விளிம்புக்கும் 3 முதல் 5 மி.மீ. விடுங்கள். கதவு பக்கப்பலகை முழுவதையும் மூடினால் ஜீரோ கிராங்க் (கிராங்க் என்பது கீலின் கையில் உள்ள வளைவு), நடுப்பலகையை இரு கதவுகள் பங்கிட்டால் 8, உள்ளடங்கி நின்றால் 16. கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண் சற்று மாறும், ஆகவே பலகையும் கதவும் சேரும் விதத்தைக் கடைக்காரரிடம் வரைந்து காட்டிவிடுங்கள்.

கதவு 900 மி.மீ. உயரம் வரை இரண்டு கீல், 1600 வரை மூன்று, 2000 வரை நான்கு. மாட்டிய பின் முன்திருகைத் திருப்பினால் கதவு இடவலம் நகரும், பின்திருகில் முன்பின். உயரத்தை, பக்கப்பலகையில் கீலைத் தாங்கும் அடித்தட்டின் திருகைத் தளர்த்தி மாற்றலாம்.

கீல் கிரீச்சிட்டால் ஊசியை உருவி, கறுப்புக் கசடைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: 24 பாகைக்குக் கீழே உறையும், தூசியையும் பிடித்துவைக்கும்.