வீட்டிலிருந்தே பிளஸ் டூ

மகளைப் பத்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் பிளஸ் டூ சேர்த்தோம். கல்லூரியில் என்ன படிப்பு என்று முடிவுசெய்துவிட்டுப் பாடங்களை எடுங்கள். பொறியியல் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியலை விடவே கூடாது. பதிவு 5 ஆண்டு செல்லும். ஏப்ரல் தேர்வில் விட்டதை அக்டோபரில் எழுதலாம், பதற வேண்டாம்.

டிஎம்ஏ என்கிற ஒப்படைப்புக்கு 20 சதவீத மதிப்பெண். இவள் வேதியியல் தாள்களைக் கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு, கரண்ட் போய்ப்போய் வர, ஸ்கேன் செய்து ஏற்றினாள். நீங்கள் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

அப்புறம், மதிப்பெண் பட்டியலோடு வரும் இடப்பெயர்வுச் சான்றிதழ்தான் டிசியும்கூட. ஒரு கல்லூரி அலுவலகத்தில் "ஸ்கூல் டிசி எங்கே?" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். தாளில் அச்சாகியிருப்பதை விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள்.