டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் ஆண்கள் ஈஸ்ட்ரோஜனை எப்படிக் கவனிப்பது?

மன்னார்குடியில் லேப் வைத்திருக்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்கள் எஸ்ட்ராடயால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "தம்பி, இது பொம்பளைங்க ஹார்மோனாச்சே, எனக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்பார்கள். எல்லா ஆணுக்கும் உண்டு, இருக்கத்தான் வேண்டும். அரோமடேஸ் என்ற நொதி, டெஸ்டோஸ்டிரோனில் கொஞ்சத்தை எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. உடல் கொழுப்பில் இந்த வேலை நிறைய நடக்கும். ஆணின் எலும்பு பலத்துக்கே ஈஸ்ட்ரோஜன் வேண்டும். 2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து, அது ஈஸ்ட்ரோஜனாக மாறாமல் தடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு கூடியது, தாம்பத்திய ஆசை குறைந்தது. ஆகவே எண் கொஞ்சம் ஏறிவிட்டது என்று, பயிரில் புகையான் விழுந்த மாதிரி பதறி மருந்தைத் தேடாதீர்கள்.

முதலில் ரத்தத்தைச் சரியான நாளில் கொடுங்கள். டவுனுக்கு வந்த வேலையோடு வேலையாக, ஊசி போட்ட மறுநாளே கையை நீட்டுகிறவர்கள் உண்டு. ஊசி போட்ட முதல் சில நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும், எஸ்ட்ராடயாலும் கூடவே ஏறும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் எனாந்தேட் ஊசி என்றால், இரண்டு ஊசிக்கும் நடுவில் ஒரு நாள் காலையில் வாருங்கள். 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடும் அன்டெக்கனோயேட் என்றால், அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால். இரண்டு ஹார்மோனையும் ஒரே ரத்தத்தில் பாருங்கள். கடைசி ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், டாக்டருக்கு அது எண்ணைவிட முக்கியம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது எஸ்ட்ராடயாலைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். சாதாரண இம்யூனோஅஸே முறை, ஆண்களுக்கு இருக்கும் குறைந்த அளவில் அவ்வளவு நம்பகமில்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை கிடைத்தால் அதையே கேளுங்கள். ஆணுக்கு எஸ்ட்ராடயால் மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 பிகோகிராம் வரை ஏறக்குறைய இயல்பு.

எண்ணுக்கு அப்புறம் உடம்பு. நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், வரப்பை ஒட்டி பைக்கில் போகும்போது சட்டை உரசினாலே மார்க்காம்பு எரிகிறது என்றார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அளவைக் குறைத்து, இடைவெளியையும் குறைத்தார். ஏற்ற இறக்கம் தணிந்தது, எரிச்சலும் போயிற்று. பலருக்கு இதுவே போதும்.

ஈஸ்ட்ரோஜனால் மார்பு வளர்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டுமானால் மல்லாந்து படுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரத்திலிருந்து காம்பை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். காம்புக்கு நேர்கீழே ரப்பர் வில்லை மாதிரி தட்டுப்பட்டால் அது வளர்ந்த மார்பகச் சுரப்பித் திசு. வெறும் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. ஒரு பக்கம் மட்டும் கல்லுபோல் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு என்றால் தள்ளிப்போடாமல் சர்ஜனிடம் காட்டுங்கள். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.

வயிறு பெருத்திருந்தால் அரோமடேஸும் அதிகம். அறுவடைக்கு மெஷின் வந்தபின் நம் ஆட்களின் உடம்பு அசைவது குறைந்துவிட்டது, மூன்று வேளைச் சோறு மட்டும் குறையவில்லை. டாஸ்மாக் பழக்கம் ஈரலைக் கெடுத்து ஈஸ்ட்ரோஜனை ஏற்றும். பிரஷருக்கோ வீக்கத்துக்கோ ஸ்பைரனோலாக்டோன் சாப்பிட்டாலும் மார்பு வலிக்கலாம்.

அனாஸ்ட்ரோசோலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அது அரோமடேஸைத் தடுக்கும், மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரை. ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று தினம் 1 மில்லிகிராம் போட்டால் எஸ்ட்ராடயால் தரைமட்டத்துக்கு இறங்கும். மூட்டு வலிக்கும், ஆசை போகும், நாளடைவில் எலும்பு தேயும். தொந்தரவு இல்லாதபோது எண்ணை மட்டும் வைத்து அதைத் தொடவே வேண்டாம். தொந்தரவு இருந்தாலும் டாக்டர் எழுதித் தரட்டும்.

ரத்தம் கொடுக்கிற அன்றே ஹீமட்டோகிரிட்டையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கையும் பாருங்கள். 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைப்பார்கள். குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் விந்தணு உற்பத்தி நின்றே போகலாம். விந்தணு உற்பத்தியைக் காக்கத் தரும் ஹெச்சிஜி என்ற ஹார்மோன் ஊசியும் எஸ்ட்ராடயாலை ஏற்றும், அப்போதும் இதே கவனிப்புதான்.