ஆர்.என்.ஏ-வில் ஒரு புரதம் எதை இனங்காண்கிறது: எஸ்15 வழியாக ஓர் ஆய்வுமுறை

செல்லில் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோம் உருவாகத் தொடங்கும்போது முதலில் வந்து பிணையும் புரதங்கள் ஆர்.என்.ஏ-வில் எதைக் கொண்டு தம் இடத்தை இனங்காண்கின்றன என்று ஆராய விரும்புவோர், ஈ. கோலை பாக்டீரியாவின் எஸ்15 புரதத்திலிருந்து தொடங்குவது நல்லது. அந்த பாக்டீரியாவின் ரைபோசோமில் சிறு துணையலகுக்குரிய 16எஸ் ஆர்.என்.ஏ 1542 நியூக்ளியோட்டைடுகள் நீளமுடையது. பிற புரதங்களின் துணையின்றி அதனுடன் நேரடியாகப் பிணைபவை எஸ்4, எஸ்7, எஸ்8, எஸ்15, எஸ்17, எஸ்20 ஆகிய ஆறு. மாசயாசு நொமுரா குழுவினர் 1968-இல் சிறு துணையலகைப் பிரித்தெடுத்த கூறுகளிலிருந்து மீண்டும் உருவாக்கிக் காட்டினர். அதன் தொடர்ச்சியாக வரைந்த சேர்க்கை வரைபடத்தில் இந்த ஆறும் முதல் நிலையில் நிற்கின்றன.

முதலில் பிணைப்பிடத்தின் வடிவத்தைப் பாருங்கள். இரட்டைச் சுருளாக மடிந்த ஆர்.என்.ஏ-வின் பெரும்பள்ளம் குறுகலாகவும் ஆழமாகவும் இருப்பதால், புரதத்தால் அதற்குள் நுழைந்து கார வரிசையைப் படிப்பது கடினம். ஆகவே சுருள்கள் கூடும் சந்திகள், புடைப்புகள், ஜி-யு இணைகள் (வழக்கமான ஜி-சி, ஏ-யு அல்லாத கார இணைகள்) போன்ற ஒழுங்கு பிறழும் இடங்களையே தேட வேண்டும். எஸ்15 பற்றுவது 20, 21, 22 ஆம் சுருள்கள் கூடும் மும்முனைச் சந்தியையும், 22 ஆம் சுருளின் சிறுபள்ளத்தில் ஜி-யு, ஜி-சி இணைகள் அடுத்தடுத்து அமைந்த பகுதியையும் ஆகும். இவ்விரண்டையும் மட்டும் கொண்ட சிறு ஆர்.என்.ஏ-வை டி7 பாலிமரேசு நொதியால் படியெடுத்துக் கூழ்மத்தில் (ஜெல்) தூய்மைப்படுத்துங்கள்.

அடுத்து வருவது மடிப்பு. மெக்னீசியம் இல்லாத கரைசலில் ஆர்.என்.ஏ-வைச் சூடாக்கி, ஆறவிட்டு, அதன்பின் மெக்னீசியத்தைச் சேர்க்க வேண்டும். அது இருக்கும்போதே சூடாக்கினால் ஆர்.என்.ஏ சிதைந்துவிடும். எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. தனித்த சந்தியில் மூன்று சுருள்களும் ஏறத்தாழ 120 பாகை இடைவெளியில் விரிந்திருக்கின்றன. எஸ்15 பிணைந்ததும் 21-உம் 22-உம் ஒரே நேர்கோட்டில் அடுக்கி அமைய, 20 ஆம் சுருள் 22-ஐ நோக்கிச் சாய்கிறது. போதிய மெக்னீசியம் இருந்தால் புரதமே இல்லாமலும் இந்த மாற்றம் நிகழும் என்பதால், அதன் செறிவை மிகுதியாக வைத்துவிட்டுப் புரதம்தான் சந்தியை மடித்தது என்று முடிவு கட்டலாகாது. குறைந்த செறிவிலிருந்து படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் புரதத்துடனும் புரதமின்றியும் அளந்து ஒப்பிடுங்கள்.

பிணைப்பை அளக்க எளிய வழி நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு: புரதம் அதில் தங்கும், தனித்த ஆர்.என்.ஏ கடந்து போய்விடும். கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 குறியிட்ட ஆர்.என்.ஏ-வின் செறிவு, பிணைப்பின் வலிமையைக் குறிக்கும் பிரிகை மாறிலியைவிட மிகக் குறைவாக இருந்தால் மட்டுமே, பாதி ஆர்.என்.ஏ பிணையும் புரதச் செறிவை அம்மாறிலியாகக் கொள்ள முடியும்.

நேர்மின்னூட்டம் மிக்க இப்புரதங்கள் எந்த ஆர்.என்.ஏ-வுடனும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். அதனால் போட்டியாக, இப்பிணைப்பிடம் இல்லாத கடத்தும் ஆர்.என்.ஏ-வைச் (tRNA) சேர்த்தும், ஜி-யு இணையை மாற்றிய வடிவத்தைக் கொண்டும் சோதிக்காத எந்த எண்ணையும் நான் ஏற்கமாட்டேன். கடைசியாக, எஸ்6, எஸ்18 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இவை தமக்குள் இணையாகி, எஸ்15 ஏற்கெனவே அமர்ந்த ஆர்.என்.ஏ-வையே உறுதியாகப் பற்றுபவை. இவற்றுக்குரிய பிணைப்பிடத்தையும் உங்கள் ஆர்.என்.ஏ-வில் சேர்த்திருந்து, எஸ்15 இருக்கும்போது மட்டும் இவை பிணைந்தால், சந்தி சரியாக மடிந்துள்ளது என்று கொள்ளலாம்.